டோடோ வாழ்ந்த தீவும் கரும்பு விளைந்த தீவும்

இந்துமாக் கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலைக் குழம்பு இறுகி உருவான சிறு நிலப்பரப்பு மொரீசியஸ் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். கரையைச் சுற்றிப் பவளப்பாறைகள் வேலியிட்டுள்ளன. உள்ளே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கூரிய மலைகள் எழுந்து நிற்கின்றன. பெருந்தொற்று நிலவிய ஆண்டுகள் நீங்கலாக, அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இத்தீவைக் காண வருகின்றனர்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1896ஆம் ஆண்டில் இங்கு வந்தார். முதலில் மொரீசியஸ் படைக்கப்பட்டது, அதைப் பார்த்தே பின்னர் சொர்க்கம் அமைக்கப்பட்டது என்னும் எண்ணம் தீவுவாசி ஒருவரின் பேச்சைக் கேட்டால் உண்டாகும் என, 1897இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதினார். அதனை அடுத்தே, இது மிகைக் கூற்று என்று இன்னொருவர் சொன்னதையும் அவர் பதிவு செய்தார். சுற்றுலா விளம்பர ஏடுகள் முதற்கூற்றை டுவைனின் சொந்தக் கருத்தாகவே ஆக்கிக்கொண்டன, இரண்டாவதை விட்டுவிட்டன.

இங்கு வரும் பயணிக்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று அரிய பறவைகளையும் பேராமைகளையும் காணச் செல்லும் காட்டுவழி. மற்றது கோயில்களையும் திருவிழாக்களையும் நினைவுச் சின்னங்களையும் காணச் செல்லும் ஊர்வழி. வரலாற்றின் துணைகொண்டு நோக்குமிடத்து இவ்விரண்டும் ஒரே வழியே என்பது புலனாகும். காட்டை அழித்த தேவையே மனிதரைக் கப்பலேற்றியும் கொணர்ந்தது. ஒன்றை அறியாமல் மற்றொன்றைக் கண்டவர் தீவைப் பாதியே கண்டவராவார்.

ஆளில்லாத் தீவு

மொரீசியஸில் பழங்குடி மக்கள் எவரும் இருந்ததில்லை. அரபு மாலுமிகள் இத்தீவை அறிந்திருந்தனர் என்பதற்கு 1502ஆம் ஆண்டின் போர்த்துக்கேய நிலப்படம் ஒன்றில் காணப்படும் அரபுப் பெயர் சான்றாகும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்து சென்றனர், குடியேறவில்லை. 1598ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கப்பல்கள் தென்கிழக்குக் கரையில் நங்கூரமிட்டன. தம் நாட்டு இளவரசர் மௌரிட்சின் பெயரை அவர்கள் தீவுக்கு இட்டனர். 1638இல் முதற் குடியிருப்பை அமைத்தனர்.

அவர்கள் கண்ட தீவு பெரும்பகுதியும் அடர்ந்த காடாக இருந்தது. கருங்காலி மரங்கள் செறிந்திருந்தன. நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் வௌவால்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வேட்டையாடும் விலங்கு இல்லாத இடத்தில் பறவைக்குப் பறக்க வேண்டிய தேவையும் குறைந்துபோகும். அவ்வாறு பல்லாயிரம் தலைமுறைகளாகப் பறத்தலை மறந்து நிலத்தில் நடமாடிய புறா இனமே டோடோ. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளர்ந்த அப்பறவைக்கு அஞ்சத் தெரியாது. அஞ்சுவதற்கு அங்கு ஏதும் இருந்ததில்லை.

டோடோவை மாலுமிகள் தின்றே தீர்த்தனர் என்பது பொதுவாக நிலவும் கருத்து. உண்மை அதனினும் சிக்கலானது. மாலுமிகள் கொன்றதைவிடக் கப்பல்களில் வந்த எலிகளும் பன்றிகளும் குரங்குகளும் விளைத்த கேடே பெரிது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. நிலத்தில் இடப்பட்ட முட்டை அவற்றுக்கு எளிய இரையாயிற்று. டோடோவை உயிருடன் கண்டதாகப் பரவலாக ஏற்கப்படும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டுக்குரியது. ஒல்லாந்தர் முதலில் கரையிறங்கிய பின் 64 ஆண்டுகளே கடந்திருந்தன.

டோடோக்களுள் சில இந்தியக் கரையையும் எட்டின என்பது இங்குக் கருதத்தக்கது. பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக எழுதியுள்ளார். முகலாய ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஏறத்தாழ 1625ஆம் ஆண்டைச் சேர்ந்த டோடோ ஓவியம் இன்று ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்த படங்கள் மிகச் சிலவே என்பதால் அறிஞர் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர்.

1639ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் ஒல்லாந்த ஆளுநர் ஆதிரியான் வான் டெர் ஸ்டெல் சாவகத்திலிருந்து மான்களையும் கரும்பையும் தீவுக்குக் கொணர்ந்தார். கருங்காலி வெட்டவும் நிலம் திருத்தவும் மடகாஸ்கரிலிருந்து அடிமைகள் வந்தனர். அவர்களுள் சிலர் காட்டுக்குள் தப்பியோடினர். 1710இல் ஒல்லாந்தர் தீவைக் கைவிட்டுப் போயினர். கரும்பும் மானும் எலியும் குரங்கும் தங்கிவிட்டன.

கருங்காலியும் அடிமையும்

1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைத் தமதாக்கிப் 'பிரான்சின் தீவு' எனப் பெயரிட்டனர். 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொன்னே போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்கினார். 1746இல் சென்னையைக் கைப்பற்றியவரும், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இடம்பெறுபவரும் இவரே. துறைமுகப் பணிக்காகப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞரை இவர் தருவித்தார். மொரீசியஸில் தமிழர் வரலாறு கரும்புக் கொல்லையில் தொடங்கவில்லை. கட்டடக் கல்லில் தொடங்கிற்று. ஒப்பந்தக் கூலிமுறைக்கு அது ஏறத்தாழ நூறாண்டு முற்பட்டது.

இக்காலத்தில் இருவர் தீவைக் கூர்ந்து நோக்கினர். ஒருவர் 1767 முதல் 1772 வரை நிருவாகியாக இருந்த பியேர் புவாவ்ர். காடு அழிந்தால் மழை குன்றும், நீர் வற்றும் என அவர் கருதினார். 1769இல் பிறப்பிக்கப்பட்ட விதிகள், நிலவுடைமையாளர் தம் நிலத்தில் நான்கில் ஒரு பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் எனப் பணித்தன. உலகக் காட்டுப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. பாம்பிள்மூஸ் தோட்டத்தில் கிராம்பையும் சாதிக்காயையும் வளர்த்தவரும் அவரே.

மற்றவர் 1768 முதல் 1770 வரை பொறியாளராகத் தங்கியிருந்த பெர்னார்தேன் தெ சேன் பியேர். 1773இல் வெளிவந்த அவருடைய பயண நூல் தீவின் இயற்கையை வியந்தது. அடிமைகள் பட்ட கொடுமையை மறைக்காமல் எடுத்துரைத்தது. மரத்தின்பால் கொள்ளும் பரிவும் மனிதன்பால் கொள்ளும் பரிவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அந்நூல் தொடக்க காலச் சான்றாகும்.

தப்பியோடிய அடிமைகளுக்குத் தென்மேற்கு முனையிலுள்ள லெ மோர்ன் மலை அடைக்கலமாயிற்று. அடிமைமுறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த படையினரைப் பிடிக்க வந்தவர்களென எண்ணி, அங்கிருந்தோர் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்பது வாய்மொழி வழக்கு. அது நிகழ்ந்ததோ இல்லையோ, விடுதலையைக்கூட நம்பவொண்ணாத ஒரு காலத்தை அக்கதை நினைவில் நிறுத்துகிறது. 2008இல் யுனெஸ்கோ இம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆட்டுத்தோல் போர்த்த ராவான் பறையின் ஒலிக்கேற்ப ஆடப்படும் செகா, அம்மக்களின் வழியே வந்த கலை. விடுதிகளில் விருந்தினர்முன் ஆடப்படும் செகாவைக் கண்டு மகிழ்வோர் அது அழுகையாகவும் தொடங்கிய கலை என்பதை அறிதல் நலம்.

கரும்பு கேட்ட விலை

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். மொரீசியஸ் சர்க்கரைக்கு விதிக்கப்பட்ட கூடுதல் இறக்குமதித் தீர்வை 1825இல் நீங்கியதும் கரும்பு காட்டை விழுங்கத் தொடங்கிற்று. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு இழப்பீடாக வழங்கப்பட்டது. அத்தொகை அடிமைகளுக்கன்று, உடைமையாளருக்கே சென்றது.

கொல்லைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கிற்று. அன்று முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாக ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1849இல் போர்ட் லூயியில் நிறுவப்பட்ட குடிவரவு நிலையத்தின் 16 கற்படிகள் இன்றும் உள்ளன. அங்கே அவர்களுக்கு எண் வழங்கப்பட்டது. பெயர் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டது. அப்பிரவாசி காட் எனப்படும் அவ்விடம் 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்டிரைக் குறித்துப் பாரதியார் பாடியதைத் தமிழுலகு அறியும். பிஜிக்கு முதற் கப்பல் சென்ற 1879ஆம் ஆண்டுக்கு 45 ஆண்டு முன்னரே மொரீசியஸில் இம்முறை தொடங்கிவிட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1836 ஏப்ரல் இறுதியில் பீகிள் கப்பலில் வந்த சார்லசு டார்வின் சில நாள்களே தங்கினார். தலைமை நில அளவையாளரிடம் இருந்த, தீவிலேயே ஒரே யானையின்மீது ஏறிச் சென்றார். மலையேறி அழகைப் போற்றினார். அவர் வியந்த நல்ல சாலைகளில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் உழைத்துக்கொண்டிருந்தனர். அத்தகையோர் ஏறத்தாழ 800 பேர் இருந்ததாகவும், அவர்கள் தோற்றத்தில் கண்ட பெருமிதம் தம்மை ஈர்த்ததாகவும் அவர் எழுதினார். காட்சியை மட்டும் காணாமல், அக்காட்சிக்குச் சாலையிட்டவரையும் கண்டது அவருடைய நேர்மைக்குச் சான்று.

காடு அழிந்ததன் விளைவு காலத்தாழ்வின்றி வந்தது. 1866இல் பரவத் தொடங்கிய மலேரியாக் காய்ச்சல் அடுத்த ஆண்டில் பல்லாயிரவரை மாய்த்தது. மரங்களை வெட்டியதே நோய்க்கும் வறட்சிக்கும் ஏதுவென்று அன்றே பலர் வாதிட்டனர். அதே காலத்தில் நிழற்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டின்றி வெளியில் நடமாடிய கூலிகள் சிறைப்பட்டனர். 1871இல் அதோல்ஃப் தெ பிளேவிட்சு முன்னின்று அளித்த மனுவில் 9,401 பேர் ஒப்பமிட்டனர். அதன் பயனாக மறு ஆண்டில் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

சதுப்பில் கிடைத்த எலும்பு

டோடோ என்றொரு பறவை இருந்ததா என்றே ஐயுற்ற காலமும் உண்டு. எஞ்சியவை சில ஓவியங்களும், ஆக்ஸ்போர்டில் உள்ள தலை போன்ற சில துண்டுகளுமே. 1865இல் தென்கிழக்கே மார் ஓ சோன்ழ் என்னும் சதுப்பில் டோடோ எலும்புகள் கிடைத்தன. அவற்றை உலகறியச் செய்தவர் மாஹேபூர்க் ஊரின் பள்ளியாசிரியர் ஜார்ஜ் கிளார்க். அவருக்கு வழிகாட்டியவர் இருப்புப்பாதைப் பொறியாளர் ஒருவர். ஆனால் சதுப்பு மண்ணை வெட்டியபோது எலும்புகளை முதலில் கண்டு குவித்து வைத்தவர்கள் கூலியாட்கள். பின்னர்க் கிளார்க் அனுப்பிய ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றுக்குள் வெறுங்காலால் துழாவி எலும்பை இனங்கண்டனர்.

இந்நிகழ்ச்சி நின்று எண்ணத்தக்கது. கரும்புக்காகக் காடு அழிந்தது. காட்டோடு டோடோவின் உலகமும் முற்றாக மறைந்தது. அதே கரும்புப் பொருளாதாரத்தில் உழைத்த கூலிகளின் பாதங்களே அப்பறவையை மண்ணிலிருந்து மீட்டன. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகள் பலவும் அச்சதுப்பிலிருந்து சென்றவையே.

நான்கு வல்லூறுகள்

1940களின் இறுதியிலிருந்து மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. ஆயின் அம்மருந்து சிற்றுயிர்கள் வழியாகத் தீவின் தனி இனமான வல்லூறின் உடலில் சேர்ந்தது. காடும் அருகிவிட்ட நிலையில், 1974இல் அறியப்பட்ட வல்லூறுகள் நான்கே. மனிதனுக்கு நன்மை செய்த ஒன்றே பறவைக்கு நஞ்சாயிற்று. இதில் எவரையும் எளிதில் குற்றம் சாட்ட இயலாது. அதனாலேயே இது ஆழ்ந்து கருதத்தக்கதாகிறது.

1979இல் தீவுக்கு வந்த வேல்ஸ் நாட்டு அறிஞர் கார்ல் ஜோன்ஸும் உள்ளூர்ப் பணியாளரும் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துக் கருவியில் அடைகாத்தனர். முட்டையை இழந்த பறவை மீண்டும் இட்டது. இவ்வாறு பெருகிய குஞ்சுகள் காட்டில் விடப்பட்டன. சில பத்தாண்டுகளில் வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1990ஆம் ஆண்டையொட்டிப் பத்தளவில் குறைந்துவிட்ட இளஞ்சிவப்புப் புறாவும், இருபதுக்கும் கீழ்க் குறைந்திருந்த பச்சைக்கிளி இனமும் அவ்வாறே மீண்டன. 1994இல் கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. மாஹேபூர்க்கை அடுத்த 26 ஹெக்டேர் பரப்புள்ள எக்ரெத் திட்டில், அழிந்துபோன பேராமைகளுக்கு ஈடாக அல்டாப்ரா ஆமைகள் விடப்பட்டன. இயல்மரங்களின் கனியை உண்டு விதை பரப்பும் பழைய பணியை அவை ஏற்றுள்ளன.

எல்லாம் நிறைவேறிவிட்டதென எண்ணுதல் பொருந்தாது. சிதையாத இயற்கைக் காடு தீவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. மாங்கனியையும் லிச்சிப் பழத்தையும் தின்கின்றன என்னும் முறையீட்டின்பேரில் 2015இல் தொடங்கிய அரசு நடவடிக்கையில் 30,000க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் கொல்லப்பட்டன. 2018இல் அவ்வினம் அழிவுக்குள்ளாகி வரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மனிதர் வருமுன் தீவிலிருந்த பாலூட்டிகள் வௌவால்களே என்பதை நினைவுகூர்ந்தால் இதன் கடுமை விளங்கும். பழத்தோட்டக்காரரின் இழப்பும் பொய்யன்று. இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

மலையும் கோயிலும்

தீவின் மேற்கே கோர் தெ கார்த் என்றொரு மலை உண்டு. அதன் சரிவில் முருகன் கோயில் அமைந்துள்ளது. தைப்பூசத்தன்று மஞ்சளும் செம்மையும் உடுத்த அடியார்கள் காவடி தாங்கி அங்கு ஏறுகின்றனர். தைப்பூசம் அந்நாட்டில் அரசு விடுமுறை நாள். காவடி எடுப்போர் பலருக்கு வீட்டுமொழி கிரியோல். தமிழ் வழிபாட்டிலும் பாடலிலும் வாழ்கிறது. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறியுள்ளன. ஆயினும் நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து இடம்பெற்றுள்ளது.

அதே மலையின் மேற்பகுதி இயற்கைக் காப்பிடம். வேறெங்கும் காணக் கிடைக்காத செடியினங்கள் அங்கே பாறை இடுக்குகளில் எஞ்சியுள்ளன. கரும்பு ஏற முடியாத செங்குத்தே அச்செடிகளைக் காத்தது. கொல்லைக்கு உதவாத மலைச்சரிவு கூலிகளின் வழித்தோன்றல்களுக்குக் கோயில் மனையாயிற்று. கீழே திரும்பிப் பார்த்தால் கரும்புநிலமும் நகரமும் கடலும் தெரிகின்றன. எஞ்சிய காடும் எஞ்சிய மொழியும் ஒரே மலையில் அடைக்கலம் புகுந்திருப்பதைக் காண்பவர், காட்டுவழி வேறு ஊர்வழி வேறு என்று சொல்லத் துணியார்.

கரும்புத் தோகை

2020 சூலை 25ஆம் நாள் 'வகாஷியோ' என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி நின்றது. ஆகத்துத் தொடக்கத்தில் அதிலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் காயலில் கசிந்தது. எக்ரெத் திட்டு அருகிலேயே இருந்தது. 1598இல் ஒல்லாந்தர் இறங்கியதும், 1865இல் டோடோவின் எலும்புகள் கிடைத்ததும் அதே கரையோரப் பகுதியில்தான்.

அப்போது ஊர் மக்கள் எவர் ஆணைக்கும் காத்திராமல் கரையில் திரண்டனர். கொல்லைகளிலிருந்து காய்ந்த கரும்புத் தோகையைக் கட்டுக்கட்டாகக் கொணர்ந்தனர். துணிப்பைகளிலும் வலைகளிலும் திணித்துத் தைத்தனர். நெகிழிக் குப்பிகளை மிதவையாகக் கட்டி, நீண்ட தடுப்புகளாகக் கடலில் இட்டனர். சிலர் தம் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனர். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோரும், இந்தியக் கூலிகளின் வழிவந்தோரும், ஏனையோரும் எண்ணெய் படிந்த கைகளோடு ஒருசேர நின்றனர். திட்டிலிருந்த அரிய செடிகளும் பறவைகளும் பல்லிகளும் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

மூன்று நூற்றாண்டுகளாகக் காட்டைத் தின்ற பயிரின் தோகை அன்று எஞ்சிய கரைக்கு அரணாயிற்று. தம் விருப்பின்றிக் கொணரப்பட்டோரின் பேரர்கள், தம் முன்னோர் கண்டிராத பறவைகளுக்காகக் கடலில் இறங்கினர். மொரீசியஸில் பிறந்த மண்ணுக்குரியவர் எவர் என்னும் வினாவுக்கு அவர்கள் சொல்லால் விடையளிக்கவில்லை. தோகை கட்டியே விடையளித்தனர். அத்தீவுக்குச் செல்லும் பயணி பறவையைக் காணும்போது படிக்கற்களையும், கோயிலைக் காணும்போது காட்டையும் நினைப்பாராயின், டுவைன் பதிந்த இரண்டாவது குரலையும் கேட்டவராவார்.